பழைய வண்டியும் புதிய எந்திரமும்

ஒரு பொருளின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அது அதே பொருள்தானா என்னும் வினா மெய்யியல் பயிலும் மாணவர்க்குப் புதியதன்று. தீசியசின் கப்பலை ஏதென்சு நகரத்தார் உளுத்த பலகைகளைக் களைந்து புதுப்பலகைகளை இட்டுப் பேணி வந்தனர் என்றும், அக்கப்பல் பழைய கப்பல்தானா என்பதில் அறிஞர்கள் இரு கட்சியாயினர் என்றும் புளூட்டாக் எழுதி வைத்தார். களையப்பட்ட பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பலைக் கட்டுவானாயின் அவ்விரண்டில் எது தீசியசின் கப்பல் என வினாவி, 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அச்சிக்கலை மேலும் இறுக்கினார். பௌத்த மரபிலோ, நாகசேன தேரர் மிலிந்த மன்னனை நோக்கித் தேர் என்பது அச்சா, சில்லா, நுகமா என ஒவ்வொன்றாய்க் கேட்டு, எதிலும் தேரைக் காணமுடியாத நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். விரிவுரை மண்டபத்தில் இவற்றைக் கேட்டுக் குறிப்பெடுத்தபோது, பரீட்சைக்கு வரக்கூடிய வினாக்கள் என்பதற்கு மேலாக இவற்றில் எனக்கு எந்த ஈடுபாடும் ஏற்படவில்லை. எங்கள் வீட்டு லாண்ட் ரோவரின் எந்திரத்தை மாற்ற நேர்ந்தபோதுதான், இவ்வினா மஸ்கெலியாவிலுள்ள ஒரு தகரக் கொட்டகைக்குள்ளும் நுழையக்கூடியது என்பதை உணர்ந்தேன்.

லாண்ட் ரோவர் வண்டி பிறந்த கதையைச் சிறிது கூறுதல் இவ்விடத்திற் பொருத்தமாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்திற் பொறியியற் பொறுப்பில் இருந்த மொரிஸ் வில்க்ஸ், அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் இராணுவம் கழித்த ஜீப் வண்டியொன்றை வைத்திருந்தார். அவ்வண்டி பழுதானால் அதற்கீடாக வாங்குவதற்கு ஆங்கிலேய வண்டி எதுவும் இல்லை என்ற குறையிலிருந்தே லாண்ட் ரோவர் என்னும் எண்ணம் தோன்றிற்று. அக்காலத்தில் உருக்குக்குக் கடுந் தட்டுப்பாடு. ஆதலின் உடலை அலுமினியக் கலப்புலோகத்தால் அமைத்தனர். 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாக அது மக்கள் முன் வைக்கப்பட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், 1.6 லீற்றர் பெற்றோல் எந்திரம். ஏறத்தாழ 50 குதிரைவலு. உழவர்க்கென எண்ணி ஆக்கிய அச்சிறு வண்டி, பின்னர் உலகின் பாதையற்ற இடங்களுக்கெல்லாம் பாதை தேடிச் சென்றது. நம் மலைநாட்டுத் தோட்டங்களும் அவ்விடங்களுள் அடங்கும்.

எங்கள் வண்டி 1966ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாம் வரிசையின் ‘ஏ’ பிரிவைச் சேர்ந்தது. 109 அங்குல நீளச்சட்டம். நான்கு சிலிண்டர்களும் 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் கொண்ட பெற்றோல் எந்திரம். 1960களின் இறுதியில் முன்விளக்குகள் மட்காட்டுக்கு இடம் மாறின. அதற்கு முந்திய வண்டியாதலால், எங்கள் வண்டியின் இரு கண்களும் முகப்புக் கம்பிவலையின் நடுவே ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். ஓட்டுநரின் இடப்பக்கத்தில் மூன்று தடிகள். ஒன்று வழக்கமான கியர்த்தடி. மஞ்சட் குமிழுடைய தடியை அழுத்தினால் நான்கு சில்லுகளும் இழுக்கும். சிவப்புக் குமிழுடைய தடியைப் பின்னே இழுத்தால் வேகங் குறைந்து வலிமை பெருகும். வழுக்கும் களிமண் ஏற்றத்தில் வண்டி ஆமைபோல் ஊர்ந்து ஏறிவிடும். முதலிரண்டு கியர்களையும் மாற்றுவதற்குக் கிளச்சை இருமுறை மிதித்தல் வேண்டும். அக்கலை கைவராதவர் மாற்ற முற்பட்டால், பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்து எழுப்பும் ஓசை மேட்டு லயம் வரையிற் கேட்கும்.

தாத்தா அக்கலையில் வல்லவர். 1944இல் அதே தோட்டத்து லயத்திற் பிறந்தவர் அவர். அவருக்கு நான்கு வயது நிரம்பிய 1948இல், லாண்ட் ரோவர் உலகத்தைக் கண்ட அதே ஆண்டில், 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தமிழருட் பெரும்பாலோரைப் போல அவரும் பிறந்த மண்ணிலேயே நாடற்றவரானார். 1966இல் புது வண்டி தோட்டத்துக்கு வந்து இறங்கியபோது, கராஜில் வண்டி கழுவும் கையாளாக இருந்தவர் அவர்தாம். சில ஆண்டுகளில் அதன் சாரதியானார். துரைமார் மாறினர், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அவ்வாறு கைமாறிய வேளையிற் பழைய வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. தாத்தா தமது சேமிப்பையும் பாட்டியின் சங்கிலியையும் சேர்த்து அவ்வண்டியை எடுத்தார். அதற்குச் சில ஆண்டுகளின் முன்னர்தான், 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக, அவர் இந்நாட்டின் குடிமகனாகியிருந்தார்.

அன்று முதல் அவ்வண்டி எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. மரக்கறி மூட்டை, விறகு, கூரைத்தகரம், கல்யாணச் சாமான் ஆகிய அனைத்தையும் அது சுமந்தது. மார்கழிப் போயா முதல் வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைப் பருவத்தில் யாத்திரிகரை நல்லதண்ணிக்கு ஏற்றிச் செல்லும். தாத்தாவின் கண் மங்கியபின் அப்பா ஓட்டினார். என் விடுதிச் செலவும் தங்கையின் வகுப்புப் பணமும் அச்சில்லுகளின் சுழற்சியிலிருந்தே வந்தன. இவற்றிலும் பெரியது ஒன்றுண்டு. தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து பெருந்தெருவுக்கு ஐந்து கிலோமீற்றர். மழைக்காலத்தில் முச்சக்கர வண்டி அங்கு ஏறாது. நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் இறங்கவேண்டுமாயின், எங்கள் கொட்டகைக் கதவைத்தான் தட்டுவர். தாத்தா அதற்குக் கூலி வாங்கியதில்லை. பெற்றோல் ஊற்றிக் கொடுத்தால் மறுப்பதுமில்லை.

அதன் ஓசையைப் பற்றியும் கூறல் வேண்டும். பெற்றோல் எந்திரம் மென்மையானது. ஏற்றத்தில் அது எழுப்பும் ஒலி, மூச்சு வாங்கும் எருமையின் ஒலியை ஒத்தது. மாலை வேளைகளில் தாத்தா வாசற்படியில் அமர்ந்திருப்பார். தொங்கல் வளைவில் வண்டி திரும்பும்போதே அவர் அறிந்து எழுந்து, பாட்டியை நோக்கி, “தண்ணிய அடுப்புல வையி, பய வந்துட்டான்” என்பார். பின்னும் கால்மணி நேரம் கழித்தே வண்டி வாசலை அடையும். அவரது செவி பல ஓசைகளை இழந்துவிட்டது. அவ்வோசையை மாத்திரம் இழக்கவில்லை.

நிற்க. 2022ஆம் ஆண்டு இந்நாட்டார் எவராலும் மறக்கவொண்ணாதது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் வரிசைகள் நாட்கணக்காய் நீண்டன. யூன் 26ஆம் திகதி 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. அடுத்த நாள், அத்தியாவசிய சேவைகள் அல்லாதவற்றுக்கு எரிபொருள் வழங்குவதில்லை என அறிவிக்கப்பட்டது. எங்கள் வண்டியோ ஒரு லீற்றரில் ஆறு கிலோமீற்றர் ஓடினால் அதுவே நல்ல நாள். அது கொட்டகையில் நின்றது. அதன் பொனற்றின்மேல் கோழியொன்று அடைகாத்தது.

அந்நாள்களில் ஓரிரவு மேற்பிரிவிலிருந்து நால்வர் வந்து கதவைத் தட்டினர். ஒருவரின் மனைவிக்கு நோவு கண்டிருந்தது. தாத்தா எப்பொழுதும் அவசரத்திற்கென ஒரு கலனில் இரண்டு லீற்றர் பெற்றோல் வைத்திருப்பார். அதனை முந்திய வாரமே இன்னொரு நோயாளிக்காக எரித்திருந்தோம். தாங்கியின் அடியிற் கிடந்த சிறிதளவை அப்பா குழாயிட்டு உறிஞ்சிப் பார்த்தார்; துருவும் நீருமே வந்தன. இறுதியிற் கதிரையொன்றில் இரு மூங்கில்களைக் கட்டி அப்பெண்ணை அதில் அமர்த்திச் சுமந்தனர். நான் குடை பிடித்தேன். எழுபத்தெட்டு வயதுத் தாத்தா, எவ்வளவோ தடுத்தும் கேளாமல், விளக்கை ஏந்தி முன்னே நடந்தார். பெருந்தெருவில் யாரோ ஒருவர் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலால் ஒரு முச்சக்கர வண்டி ஓடிற்று. ஆஸ்பத்திரி வாயிலை அடைந்த சிறிது நேரத்திற் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆயினும் திரும்பும் வழி முழுவதும் தாத்தா ஒரு சொல்லும் பேசவில்லை. விடியற்காலையிற் கொட்டகைக்குட் சென்று வண்டியின் மட்காட்டிற் கைவைத்து நெடுநேரம் நின்றதைக் கண்டேன்.

எந்திரத்தை மாற்றவேண்டும் என்ற பேச்சு அப்பாவிடம் அதற்கு முன்பே இருந்தது. டீசல் எந்திரமொன்றை வைத்தால் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றரேனும் ஓடும், இழுவையும் மிகும், உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கும் என்பது அவர் வாதம். 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் வேறு வண்டி வாங்குவது நினைத்தும் பார்க்கவியலாத காரியம். தாத்தா இணங்கவில்லை. “எஞ்சின மாத்திட்டா அப்புறம் அது என்னா வண்டி? வேற ஒருத்தன் ஈரல எடுத்து எனக்கு வச்சா நான் நானா?” என்பது அவர் கட்சி. நானும் அப்போது தாத்தாவின் பக்கமே நின்றேன். பழமையைப் பேணுதல் பண்பாட்டின் கடமை என்றெல்லாம் கலைப்பீடத்திற் கற்றதை வைத்து அப்பாவுடன் வாதிட்டேன். இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளைச் சேர்ப்போர், செஸி இலக்கமும் எந்திர இலக்கமும் முதற்பதிவுடன் ஒத்திருந்தாலன்றி அதனை முழுமதிப்புடைய வண்டியாகக் கொள்ளார் என்றும் சொன்னேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “அவுங்க வண்டிய பார்க்குறதுக்கு வச்சிருக்காங்க. நாம ஓட்டுறதுக்கு வச்சிருக்கோம்” என்று மட்டும் கூறினார். அதற்கு நான் விடை கூறவில்லை; கூறும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை. என் விடுதிக் கட்டணத்திற்கு அவர் கடன் வாங்கியிருந்த மாதம் அது.

பின்னர் நூலகத்தில் அவ்வண்டியைப் பற்றித் தேடிப் படித்தபோது என் கட்சி மேலும் தளர்ந்தது. 1947இல் வில்க்ஸ் ஆக்கிய முதல் மாதிரி வண்டியே ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தில் ரோவர் மகிழுந்து எந்திரத்தைப் பொருத்தியதுதான். அதாவது, லாண்ட் ரோவர் குலத்தின் முதல் வண்டியே எந்திரம் மாற்றப்பட்ட வண்டி. பின்னாளில் அதே குலத்தில் வந்த றேஞ்ச் ரோவரின் எட்டுச் சிலிண்டர் எந்திரமும் அமெரிக்க பியூக் மகிழுந்துக்கென வடிக்கப்பட்டு, உரிமை விலைக்கு வாங்கப்பட்டதாகும். 1980களில் ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட லாண்ட் ரோவர்கள் சிலவற்றில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 3.9 லீற்றர் டீசல் எந்திரத்தை ஆக்கியோரே பொருத்தினர். தூய்மை என்று நான் காக்க முயன்றது, அவ்வண்டியை ஆக்கியோரே காக்காத ஒன்று.

தாத்தாவின் மனத்தை மாற்றியது இவ்வரலாறன்று. அந்த ஆண்டின் இறுதியில் ஒருநாள், மேற்பிரிவிலிருந்து அப்பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாத்தா குழந்தையின் கையில் நூறு ரூபாத் தாளொன்றை வைத்தார். அவள் சென்றதும் அப்பாவை அழைத்து, “மாத்திரு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் கழித்த வாகனங்களின் உறுப்புக்கள் மலைபோற் குவிந்திருக்கும். சீட்டெடுத்த பணத்துடன் அப்பா அங்கு சென்று, நிசான் கரவான் வானிலிருந்து கழற்றிய ரீ.டி.27 என்னும் டீசல் எந்திரத்தைக் கொண்டுவந்தார். 2663 கன சென்ரிமீற்றர், நான்கு சிலிண்டர். அதன் நேரச்சக்கரங்கள் பட்டியால் அன்றிப் பற்சக்கரங்களால் ஓடுவன. ஆதலின் பட்டி அறுந்து எந்திரம் சிதையும் அச்சம் இல்லை. 2023ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் வேலை தொடங்கிற்று. அதனைச் செய்தவர் ஹற்றன் பக்கத்திற் சிறு கராஜ் வைத்திருக்கும் சிங்களப் பெரியவர் ஒருவர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். தாத்தாவும் அவரும் ஒருவர் மொழியை ஒருவர் பாதியளவிற் பேசுவர். வண்டியைப் பற்றியதாயின் அப்பாதியே இருவருக்கும் போதுமானது.

எந்திரத்தை மாற்றுதல் என்றால் ஒன்றைத் தூக்கி மற்றொன்றை வைத்தல் என எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பேதைமை என்பதைப் பதினெட்டு நாட்களும் எனக்குக் காட்டின. எந்திரத்தின் பின்முகத்திலுள்ள துளைகளும் பற்சக்கரப் பெட்டியின் முன்முகத்திலுள்ள துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே இரண்டுக்கும் இடையில் ஓர் இரும்புத் தகடு வேண்டும். ஒரு பக்கத் துளைகள் ஜப்பானுக்கும் மறுபக்கத் துளைகள் இங்கிலாந்துக்கும் உரியனவாக அதனை லேத்தில் கடைந்தெடுத்தனர். ஆயினும் துளைகள் பொருந்துதல் சிறு காரியமே. பெட்டியிலிருந்து நீளும் தண்டின் முனை, எந்திரத்தின் சுழல்தண்டின் நடுவிலுள்ள குழியிற் சென்று அமரவேண்டும். அவ்விரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டிற் சுழலவேண்டும். மயிரிழை விலகினும் தாங்கி தேயும், கிளச் விடாது. குழி பெரிதாக இருந்தமையால், உட்புறம் ரோவருக்கும் வெளிப்புறம் நிசானுக்கும் அளவான பித்தளைப் புஷ் ஒன்றைக் கடைந்து இட்டனர். கிளச்சிலும் அவ்வாறே: அழுத்தும் தட்டு ஜப்பானியருடையது, நடுத்தட்டின் பற்களோ ரோவர்த் தண்டுக்கு ஏற்றவை. இரு நாட்டாரும் கைகோக்க இப்படி எத்தனையோ நடுவர்கள் வேண்டியிருந்தனர்.

பின்னர் வேறு வழக்குகள் எழுந்தன. தகட்டின் தடிப்பளவு எந்திரம் முன்தள்ளியதால் றேடியேற்றரை முன்னே நகர்த்தவேண்டியதாயிற்று. எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி முன் அச்சின் பற்சக்கர உருண்டையின்மேல் முட்டுவதற்கு இரண்டு விரற்கடையே எஞ்சியது. குழியில் வண்டி விழுந்தால் இரண்டும் மோதும். பாஸ் தொட்டியை வெட்டி, அவ்விடத்தைப் பள்ளமாக்கி, பின்புறத்தை அகலமாக்கி ஒட்டினார். ஒட்டிய பின்பும் அவர் விடவில்லை. வண்டி செங்குத்தாக ஏறும்போது எண்ணெய் எல்லாம் பின்னே ஓடிவிடும். அப்போதும் உறிஞ்சுகுழாயின் வாய் எண்ணெயில் அமிழ்ந்திருக்கிறதா என, தொட்டியைச் சாய்த்து நீரூற்றிப் பார்த்தார். மலைநாட்டிற் பிழைப்பவரன்றி வேறெவர்க்கும் இச்சிந்தனை எளிதில் வாராது. டீசற் பம்பு தேவைக்கு மிஞ்சிய எரிபொருளைத் தாங்கிக்கே திருப்பியனுப்பும். எங்கள் தாங்கிக்குத் திரும்பும் வழி இல்லாததால் அதற்கும் ஒரு குழாய் வேண்டியிருந்தது. மின்பொறி கொடுக்கும் பிளக்குகளுக்கும் கொயிலுக்கும் இனி வேலையில்லை. டீசல் எந்திரம் காற்றைச் சிலிண்டருள் இருபது மடங்குக்கு மேலாக நெருக்கி, அவ்வெப்பத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைப்பது. எங்கள் பழைய எந்திரமோ ஏழெட்டு மடங்கு நெருக்குவதோடு அமைதி கண்டது.

முதன்முறை பொருத்தியபோது வேலை பிழைத்தது. எந்திரம் ஓடிற்று, கிளச்சை மிதித்தும் கியர் விழவில்லை. எந்திரத்தை மீண்டும் இறக்கி, அளவுமானியை வைத்துச் சுற்றிப் பார்த்தபோது, தகட்டின் நடு ஒருபக்கம் சற்றே விலகியிருந்தமை தெரிந்தது. நான்கு நாட்கள் வீணாயின. அப்பா தலையிற் கைவைத்து அமர்ந்துவிட்டார். அதுவரை ஒதுங்கியே இருந்த தாத்தா அன்றுதான் முதன்முறையாக அருகில் வந்தார். தகட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, “அவசரப்பட்டுட்டீங்க பாஸ்” என்றார். பாஸ் சிரித்தார். மறுநாள் முதல் தாத்தா கராஜை விட்டு நகரவில்லை. எந்திரத்தைத் தாங்கும் இறப்பர்க் கட்டைகளை எங்கே வைத்தால் அதிர்வு குறையும் என்பதை அவரே காட்டினார்.

பதினெட்டாம் நாள் மாலை வண்டி வீடு நோக்கி ஏறிற்று. தாத்தா காலையிலேயே பேருந்தில் வீடு திரும்பி, வழக்கமான வாசற்படியில் அமர்ந்திருந்தார். நான் அவரருகில் இருந்தேன். தொங்கல் வளைவில் வண்டி திரும்பியது எனக்குக் கேட்டது: கடகடவென்ற டீசல் ஓசை, கொழுந்து லொறியின் ஓசையை ஒத்தது. தாத்தா எழவில்லை. “தாத்தா, நம்ம வண்டி வருது” என்றேன். அவர் செவி சாய்த்துக் கேட்டார். “அது லொறி, புள்ள” என்றார். வண்டி வாசலில் வந்து நின்று, நெருங்கிய இரு கண்களும் ஒளிவீசிய பின்னரே எழுந்தார். பாட்டி அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கவில்லை.

அந்த இழப்பை ஈடுசெய்யும் எதனையும் நான் இதுவரை கண்டேனில்லை. பயன் பெரிது என்பது உண்மையே. லீற்றருக்குப் பத்துக்கு மேலாக ஓடுகின்றது. முன்பு சிவப்புத் தடியை இழுத்து ஏறிய ஏற்றங்களுட் பாதியை இப்போது அது இல்லாமலே ஏறுகின்றது. இழுவை மிகுந்தமையாற் பின் அச்சுத்தண்டுகள் முறியக்கூடும், கிளச்சை மெல்ல விடுக என்று பாஸ் அப்பாவை எச்சரித்தார்; அப்பாவும் அவ்வாறே ஓட்டுகின்றார். முன்பு மின்கலம் இறந்தாலும் முகப்பின் கீழே இரும்புக் கம்பியைச் செருகிக் கையாற் சுழற்றி எந்திரத்தை உயிர்ப்பிக்கலாம். அக்கம்பிக்கு இப்போது வேலை இல்லை. ஆயினும் தாத்தா அதனை வண்டியின் ஆசனத்தடியிலிருந்து எடுக்க விடுவதில்லை.

எந்திரம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் அதன் இலக்கமும் எரிபொருளும் மாற்றப்படல் வேண்டும். அதற்காகத் தாத்தாவை அழைத்துச் சென்றேன், உரிமையாளர் அவரே. படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் பழைய புத்தகத்தை விரலால் தடவியபடி, முதற்பதிவு எந்த ஆண்டென்று கேட்டார். 1966 என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “வண்டி அறுபத்தாறுலயே பதிஞ்சிருச்சு. நமக்கு எண்பத்தெட்டுக்கு அப்புறந்தான்” என்றார். அதில் வெறுப்போ துயரோ இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணக்குச் சொல்வதுபோலவே சொன்னார். ஆனால் பேனாவை ஏந்திய என் கை சற்றே நின்றது. இங்கிலாந்தில் ஆக்கிய வண்டிக்கு இந்நாட்டில் இறங்கியவுடன் ஓர் இலக்கம் கிடைத்தது. இம்மண்ணிற் பிறந்து அவ்வண்டியைக் கழுவியவருக்கும் ஓட்டியவருக்கும் அது கிடைக்க நாற்பது ஆண்டுகள் சென்றன. தாள் ஒன்று இல்லாத அந்நாற்பது ஆண்டுகளில் அவர் யாராக இருந்தார்? தாள் கிடைத்த நாளில் வேறொருவராக மாறிவிட்டாரா? தீசியசின் கப்பலைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எவரும் இவ்வாறு கேட்டதாக என் குறிப்பேட்டில் இல்லை.

ஊரைப் பற்றியும் அவ்வாறே எண்ணத் தோன்றுகின்றது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. மக்கள் மேலேறிப் புதிய நகரத்தை அமைத்துக்கொண்டனர். வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளித்தோன்றும். சனங்கள் சென்று பார்த்து வருவர். கட்டடமும் தெருவும் நிலமும் வேறானபின்னும், மேலுள்ளதை எவரும் வேறு ஊர் என்று கூறுவதில்லை. கீழுள்ளதையும் மறந்தாரில்லை.

கழற்றிய பெற்றோல் எந்திரத்தை இரும்புக்கு விற்றுவிடலாம் என்றார் ஒருவர். தாத்தா மறுத்தார். அது இப்பொழுது கொட்டகையின் மூலையில் மரக்குற்றிகளின்மேல், மெழுகுத்துணி போர்த்து அமர்ந்திருக்கின்றது. வாரத்துக்கொருமுறை அவர் பிளக்குத் துளைகளில் எண்ணெய் விட்டு, அது இறுகிவிடாதபடி சுழல்தண்டைக் கையாற் சுற்றுகின்றார். ஒரு விடுமுறையில் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஹொப்சின் இரண்டாவது கப்பல் எங்கள் வீட்டு மூலையிலேயே இருப்பதை உணர்ந்து சிரித்துவிட்டேன். என்னவென்று கேட்டார். இயன்ற அளவில் எளிதாக்கி அக்கதையை அவருக்குச் சொன்னேன்: பழைய பலகை, புதிய பலகை, இரண்டு கப்பல், எது உண்மையானது என்று. எண்ணெய்க் கையைத் துடைத்தவாறே பொறுமையாகக் கேட்டார். பின்னர் வாசலில் நின்ற வண்டியைத் தலையசைப்பாற் காட்டி, “இது அது இல்ல, புள்ள. அது வேற. ஆனா இதும் நம்மளுதுதான்” என்றார்.

பரீட்சையில் இவ்விடையை எழுதினால் எத்தனை புள்ளி கிடைக்கும் என நான் அறியேன். ஒன்றே என்றும் வேறே என்றும் வாதிட்ட இரு கட்சியாரும் அவரைத் தத்தம் கட்சியிற் சேர்க்க முடியாது. பொருள் மாறியதை அவர் மறைக்கவில்லை. மாறியதற்காக அதனைத் தள்ளவுமில்லை. இழந்ததை மூலையில் வைத்து எண்ணெயிட்டுக் காக்கின்றார். வந்ததை வாசலில் நிறுத்தி நோயாளியை ஏற்றுகின்றார்.

சென்ற மழைக்காலத்தில் மீண்டும் ஓரிரவு கதவு தட்டப்பட்டது. அப்பா சாவியைத் திருப்பி, டீசல் சூடாகும் வரை சில விநாடிகள் காத்திருந்தார். வண்டி உறுமிக்கொண்டு இருளில் ஏறிச் சென்றது. இரண்டு மணி நேரத்தின் பின்னர், தொங்கல் வளைவில் ஓசை கேட்டது. நான் வாய் திறக்குமுன்னரே தாத்தா படியிலிருந்து எழுந்து, அடுப்பிற் தண்ணீர் வைக்குமாறு பாட்டியிடம் கூறினார்.